‘தெரியுதா?’ ஒழிப்புத் திட்டம்

மதுரை மாநகரில் மொட்டை மாடியில் ஏறி நின்றுகொண்டு “தெரியுதா?” என்று கத்தும் வழக்கம் வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிவுக்கு வருகிறது என்று வெங்கடேஷ்பாபு அறிவித்தான். மாநகரம் முழுவதற்குமான அறிவிப்புதான். ஆனால் செல்லூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்து வெளியிடப்பட்டதால் நேரில் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் டீக்கடைக்காரர். கேட்டதற்கு அடையாளமாக அவர் ஒன்றும் செய்யவில்லை. இன்னொருவன் பேச்சிமுத்து.

பேச்சிமுத்துவுக்கு ஊர் அழகர்கோவில் பக்கம். கல்லூரியில் பாபுவோடு ஒரே பெஞ்ச், கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். பாபு சொல்வதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பான். அந்தக் கேள்விக்காகவே பாபு சில நாள் அவனைத் தவிர்ப்பதுண்டு.

“எங்கூர்ல ஆன்டெனா திருப்ப என்னைய விட்டா ஆள் கிடையாது மாப்ள,” என்றான் பேச்சிமுத்து. “மலை மறைக்கும்ல. ஒரு மேட்ச்சுக்கு, கடைசி ஓவர் அம்புட்டுக்கும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நான் பிடிச்சாத்தான் படம். கைய எடுத்தா ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு தலை.”

“அப்ப நீ மேட்ச்சப் பாக்கலையா?”

“ஊரு பாத்துச்சுல்ல.”

பாபு டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தான். “ஒருத்தன் கம்பியப் பிடிச்சுக்கிட்டு மேல நிக்கிறான். கீழ இருக்கவன் படம் பாக்குறான். இதுக்குப் பேரு டெக்னாலஜியாடா? நேர்த்திக்கடன். டிஜிட்டல்ல ‘தெரியுதா’ங்கிற கேள்வியே கிடையாது. ஒண்ணு, இல்லாட்டி சைபர். வந்தா முழுசா வரும். வராட்டி வராது.”

“வராட்டி என்ன செய்வ?”

“வரும்,” என்றான் பாபு.

வரவேண்டியது காவ்யஸ்ரீயின் கல்யாணப் படம். போய்ச் சேரவேண்டிய இடம் நாலு வீடு தள்ளி, பெரியப்பா சௌரிராஜனின் மாடி அறை.

சௌரிராஜனுக்குக் காவ்யஸ்ரீ ஒரே மகள். அவள் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், வாசலில் சீரியல் லைட் ஒரு பக்கம் தாழ்ந்து தொங்குவதாக அவருக்குப் பட்டது. பந்தல்காரரைக் கூப்பிடாமல் தானே ஸ்டூலில் ஏறினார். லைட் நேராகிவிட்டது, கால் கோணலாகிவிட்டது. மறுநாள் முகூர்த்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் இருந்தார். அண்ணன் இடத்தில் இருந்து பாபுவின் அப்பா பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தார். மண்டபத்திலிருந்து யாரோ நல்லெண்ணத்தில் செல்போனை உயர்த்திப் பிடித்தார்கள். பிடித்த இடம் மேளக்காரருக்குப் பக்கம். மகள் கல்யாணத்தில் சௌரிராஜனுக்குக் கிடைத்தது தவில் மட்டும்தான்.

இப்போது ஆடிக்கு அழைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரமக்குடியிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். கல்யாணப் படத்தை எடுத்தவர் அதைப் பாபுவின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். பெரியப்பா வீட்டு டிவிடி பிளேயர் சீர்வரிசையோடு பரமக்குடிக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது காவ்யா படிக்கும்போது வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர். அதில் சிடி போடும் தட்டு உள்ளே போனால் வெளியே வராது.

“வந்த உடனே எல்லாரும் உக்காந்து பாக்கணும்பாங்க,” என்றார் சௌரிராஜன், மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே. “அதுக்கு முன்னாடி நான் ஒருதடவ தனியாப் பாத்துரணும்டா பாபு.”

“ஏன் பெரியப்பா, எல்லாரோடயும் சேந்து பாத்தா என்ன?”

“புது மாப்பிள்ளைக்கு முன்னாடி நான் ஒரு மாதிரி ஆயிட்டா நல்லாருக்காதுல்ல.”

“ஒரு மாதிரின்னா?”

பேச்சிமுத்து அவன் தொடையில் கிள்ளினான்.

“கண்ணுல தூசி கீசி விழுந்துரும்டா,” என்றார் பெரியப்பா. “ஆடி மாசம் பாரு.”

இந்த இடத்தில்தான் பாபு வாக்குக் கொடுத்தான். தன் வீட்டுக் கம்ப்யூட்டரை அவன் கம்ப்யூட்டர் என்று சொல்வதில்லை, சர்வர் என்பான். அதற்குப் பெட்டி கிடையாது. ஒரு பலகையில் எல்லா உறுப்பும் வெளியே தெரியும்படி பரப்பி வைக்கப்பட்டு, டேபிள் ஃபேன் காற்றில் வாழ்ந்துகொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று ரப்பர் பேண்டில் தொங்கியது. பாட்டு, படம், குடும்பப் போட்டோ எல்லாம் அதில் இருக்கும், எந்த வீட்டிலிருந்தும் ஒரு வயரைச் செருகி எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், இதுதான் திட்டம்.

“நாலு வீடுதானடா. அந்தப் பலகையத் தூக்கிட்டுப் போயி அங்க வச்சுரு,” என்றாள் அவன் அம்மா கனகலட்சுமி.

“சர்வரத் தூக்கிட்டுப் போறதா? கெணத்தத் தூக்கிட்டுப் போயாம்மா தண்ணி குடுப்பாங்க?”

சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. அந்தப் பலகையை நகர்த்தினால் அது மறுபடி எழுந்திருக்காது. போன தடவை கூட்டிப் பெருக்குவதற்காக அம்மா லேசாகத் தள்ளியதில் ஒரு வாரம் கோமாவில் கிடந்தது.

வயர் கிடைத்த விதம் எளிது. கோரிப்பாளையத்தில் மூடிப்போன ஒரு பிரௌசிங் சென்டரின் நெட்வொர்க் கேபிள், இரண்டு நீளமான துண்டுகள். பாபு வீட்டு மாடியிலிருந்து ஒன்று; பெரியப்பா வீட்டு மாடியிலிருந்து இன்னொன்று படியிறங்கி அவர் அறைக்கு. இரண்டும் பெரியப்பா மாடியின் கைப்பிடிச் சுவரருகே ஒரு சின்ன ஜாயிண்டரில் சந்திக்கும். நடுவிலிருந்த மூன்று மொட்டை மாடிகளையும் நூல் காயப்போட்ட கொடி, வடகம், ஒரு கோழிக்கூண்டு இவற்றுக்கு இடைஞ்சல் இல்லாமல் கடந்தாயிற்று.

முனைகளில்தான் நுணுக்க வேலை. கேபிளைச் சீவினால் உள்ளே எட்டுக் கம்பிகள், மயிர் கனத்தில்: நாலு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் வெள்ளைக்கோடு போட்ட ஒரு ஜோடி. அவற்றை வரிசை மாறாமல் தட்டையாக அடுக்கி, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பிளக்கில் செருகி, கருவியால் நெரிக்க வேண்டும். பாபுவின் விரல்கள் இதற்குப் படைக்கப்படவில்லை. அம்மாவின் விரல்கள் படைக்கப்பட்டிருந்தன. கனகலட்சுமி பாவு பிணைக்கிறவள். தறியில் ஓடி முடிந்த பாவின் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு முறுக்கி ஒட்டுவது அவள் வேலை. ஆயிரக்கணக்கான இழைகளை, டிவி சீரியலில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்பதையும் விடாமல் பார்த்தபடி பிணைத்துவிடுவாள்.

“இந்தா, நான் அடுக்குன மாதிரி ஒண்ணு. இதே மாதிரி நாலு முனையும் அடுக்கிக் குடு. நான் நெரிச்சிருறேன்,” என்று மாதிரிக்கு ஒன்றை நீட்டினான் பாபு.

அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மகனை ஒரு தரம் பார்த்தாள். சோறு வேகும் நேரத்துக்குள் நாலு முனையும் அடுக்கிக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் வயரைச் செருகியதும் பெரியப்பா கம்ப்யூட்டரின் பின்பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. பாபு பேச்சிமுத்துவைப் பார்த்தான். “ஒண்ணு, இல்லாட்டி சைபர்,” என்றான். திரையில் சர்வரின் பெயர் வந்தது, உள்ளே கல்யாணம் என்ற பெயரும் வந்தது. போட்டோக்கள் நெளிந்து நெளிந்து திறந்தன. பெரியப்பா தலையணையில் சாய்ந்து கைகளைக் கோத்துக்கொண்டார்.

படத்தைத் திறந்தான். மண்டப வாசல் வந்தது. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார். உப்பிய கன்னத்தோடு நின்றுவிட்டார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். பீப்பீ என்று ஒரு துண்டுச் சத்தம் வந்தது. மறுபடி மௌனம். நாதஸ்வரக்காரர் மூச்சு விடாமல் நின்றார்.

“நல்லாருக்குடா,” என்றார் பெரியப்பா. “பெரிய போட்டோ.”

பாபு தறிகள்மேல் பழி போட்டான். கீழே பெரியப்பாவின் விசைத்தறிகள் ஓடுகின்றன. மோட்டார் கிளப்பும் மின்சார இரைச்சல் வயருக்குள் புகுந்துவிடுகிறது என்று விளக்கினான். தறிகள் நிறுத்தப்பட்டன. அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லி அவர் தறிகளும் நிறுத்தப்பட்டன. பகல் நேரத்தில் தறிச் சத்தம் நின்றால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் வாசலில் வந்து நின்று, “யாரு?” என்று துக்கமாகக் கேட்டார்கள். “நாதஸ்வரக்காரர்,” என்றான் பேச்சிமுத்து. அவர்களைச் சமாதானம் செய்து அனுப்புவதற்குள் தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டன. ஓடினாலும் நின்றாலும் படம் நின்றது.

அடுத்தது வைரஸ். அதற்கடுத்து விண்டோஸ். அதைத் துடைத்துப் புதிதாகப் போட்டான். நாதஸ்வரக்காரர் புது விண்டோஸிலும் அதே இடத்தில் நின்றார்.

“மாப்ள, பேசாம படத்த இந்தக் கம்ப்யூட்டருக்கே காப்பி பண்ணிட்டா?”

“இதுலயும் அம்புட்டு இடமில்ல, நம்ம பென் டிரைவ்லயும் இல்லடா. இருந்தாலும் இந்த வேகத்துல காப்பியாகி முடியறதுக்குள்ள காவ்யாவுக்கு வளைகாப்பு வந்துரும். அதையும் சேத்துப் பாத்துக்கலாம்.”

“அப்ப நான் மேல போயி வயர லேசா அசைச்சுப் பாக்கட்டா?”

பாபு கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். “பேச்சி. இது ஆன்டெனா இல்ல. அசைச்சா படம் வாரதுக்கு இது ஒண்ணும் உங்கூர் கம்பி இல்ல. வயர்ங்கிறது செம்பு. அதுல என்ன தப்பு இருக்கும்?”

பேச்சிமுத்து தலையாட்டினான். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “விடுங்கடா. மாப்பிள்ளை வந்தப்புறமே பாத்துக்கிறேன். தூசி விழுந்தா விழட்டும்,” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பாபுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியப்பா வீட்டில் பெரியம்மாவின் அடுப்பிலிருந்து ஏலக்காய் வாசனை கிளம்பிவிட்டது. பாபுவின் அப்பா சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிப் போனார். செம்பில் தப்பு இருக்காது என்று நம்பினாலும், வேறு எதுவும் மிச்சமில்லாததால், பாபு பெரியப்பா மாடிக்கு ஏறினான். பேச்சிமுத்து பின்னாலேயே வந்தான். பாபு சுவரருகே ஜாயிண்டரிலிருந்து ஒரு பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்தான்.

அழகாக இருந்தது. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு. பச்சைக்குப் பக்கத்தில் பச்சை. நீலத்துக்குப் பக்கத்தில் நீலம். சேலைக் கரை மாதிரி.

அதுதான் பிரச்சினை. அது அவ்வளவு அழகாக இருக்கக்கூடாது.

அவன் கைப்பிடிச் சுவரில் குனிந்தான். கீழே அம்மா பெரியம்மாவுக்கு உதவியாக வந்து முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இந்தக் கலர் வரிசைய யாரு மாத்துனது?”

“நான்தான். நீ தப்பா வச்சிருந்த.”

“தப்பாவா?”

கனகலட்சுமி துருவலை நிறுத்தினாள். அவர்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். பேச்சிமுத்து இருந்தால் மரியாதைக்குத் தமிழ். மகனைத் திட்டுவதாக இருந்தால் பேச்சிமுத்து இல்லாவிட்டாலும் தமிழ். தெருவுக்கும் புரியவேண்டும் அல்லவா. “பின்ன? பச்சைக்கு நடுவுல நீலம் புகுந்து கிடக்கு. எல்லாத்துக்கும் வெள்ளக்கோடு போட்டது முன்னால இருக்கு, நீலத்துக்கு மட்டும் பின்னால. பாவுல இப்படி இழை மாறிக் கிடந்தா துணி முழுக்கக் கோடு விழும். மேஸ்திரி மூஞ்சியில வீசுவான். புள்ள அவசரத்துல மாத்தி வச்சுட்டான்னு நாலையும் சரி பண்ணி வச்சேன்.”

“எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா நீ விளக்குவ. அடுப்புல சோறு கெடந்துச்சு.”

பேச்சிமுத்து கைப்பிடிச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

பாபு இறங்கி வந்து விளக்கினான். ஒவ்வொரு நிறமும் அதனதன் வெள்ளைக்கோட்டுக் கம்பியோடு ஜோடியாக முறுக்கியிருக்கும். சேதி மூன்றாவது கம்பியிலும் ஆறாவது கம்பியிலும் சேர்ந்து போகும். அதனால் அந்த இரண்டும் ஒரே முறுக்கிலிருந்து வரவேண்டும். அம்மா வரிசைப்படுத்தியதில் மூன்றாவது கம்பி பச்சை முறுக்கிலிருந்து வருகிறது. ஆறாவது கம்பி நீல முறுக்கிலிருந்து வருகிறது. ஜோடி மாறிப்போனதால் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் ஏறுகிறது. முழ நீள வயரில் தெரியாது. மாடி மாடியாகப் போனால் குழம்பிவிடும்.

அம்மா கவனமாகக் கேட்டாள். “அப்ப ஒண்ணா முறுக்குனதப் பிரிச்சு, ஒண்ண அங்கிட்டும் ஒண்ண இங்கிட்டும் உக்கார வச்சு, நடுவுல வேற சோடிய வைக்கணும். அதான் சரி.”

“அதான் சரி.”

“வகுத்தது யாரு?”

“அமெரிக்காக்காரன்.”

“அவன் தறியில உக்காந்திருக்க மாட்டான்,” என்றாள் கனகலட்சுமி. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “குடு. மறுபடி அடுக்குறேன்.”

நாலு முனையையும் வெட்டிப் புதிதாகச் செய்ய வேண்டும். மிச்சமிருந்த பிளக்கும் நாலுதான். அம்மாவின் விரல் நீலத்துக்கு வரும்போதெல்லாம் தயங்கியது. “தெரிஞ்சே தப்பாச் செய்யக் கை வரமாட்டேங்குதுடா,” என்று சொல்லிக்கொண்டே நாலையும் தப்பாக, அதாவது சரியாக, அடுக்கிக் கொடுத்தாள். பாபு நெரித்தான். கடைசி பிளக்கை மாடியில் ஜாயிண்டரில் செருகினான். டிக் என்று சத்தம் கேட்டது. நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு தரம் இழுத்தான். இன்னொரு டிக் கேட்டது. அது பிளக்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்த சத்தம்.

கீழே பெரியப்பா அறையில் படம் ஓட ஆரம்பித்தது. நாதஸ்வரக்காரர் ஒருவழியாக மூச்சை விட்டார். பேச்சிமுத்து படிக்கட்டிலிருந்து, “மாப்ள, ஓடுது,” என்றான். அப்போது ஆடிக் காற்று அடித்தது. மாடிகளுக்கு மேலே கேபிள் ஊஞ்சலாடியது. பிளக் நழுவியது.

“மாப்ள, நின்னுருச்சு.”

டேப் ஒட்டினான். காற்று பிய்த்தது. தெருவில் நூலுக்குப் பஞ்சமில்லை, நூல் கட்டினான். கட்டியது நின்றது, அதற்குள்ளிருந்து பிளக் நழுவியது. புது பிளக் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. கம்ப்யூட்டர் கடைகள் எல்லாம் பூட்டு. கடைசியில் பாபு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த முனையை ஜாயிண்டருக்குள் அழுத்திப் பிடித்தான்.

“இப்ப ஓடுது,” என்றான் பேச்சிமுத்து. “கைய எடுக்காத.”

பாபு கையை எடுக்கவில்லை. பேச்சிமுத்து படியேறி வந்து தலையை மட்டும் மாடிக்கு மேலே நீட்டினான். கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் சொல்ல நினைத்தது முகத்தில் முழுசாக வந்து நின்றது.

“நான் முக்குக்குப் போறேன்,” என்றான். “உங்கப்பாவும் காவ்யாவும் மாப்பிள்ளையும் வந்தா டீக்கடையில உக்கார வச்சு ஒரு டீ வாங்கிக் குடுத்து நிறுத்தி வைக்கிறேன். பெரியப்பா தனியாப் பாக்கட்டும். வாரேன்.”

அவன் போய்விட்டான். மாடியில் பாபு மட்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் கேபிள் இழுத்தது; மாடு கயிற்றை இழுப்பது போல இழுத்தது. அவன் சுவரோடு சேர்ந்து குத்தவைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தான். நேர் கீழே பெரியப்பாவின் ஜன்னல். அதிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. ஐயரின் குரல். யாரோ ஒரு குழந்தை அழுதது. அப்பாவின் குரல், “தண்ணியக் கொண்டாங்க” என்று. பிறகு கெட்டிமேளம் என்று யாரோ சொல்ல, தவில் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பெரியப்பா போனில் கேட்ட அதே தவில். இந்தத் தடவை அதோடு தாலியும் இருக்கும்.

தவில் அடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றுமே கேட்கவில்லை என்பதுதான் பாபுவை உலுக்கியது. படம் நின்றுவிட்டதா? பிளக் விரலுக்குள் அசையாமல்தான் இருந்தது. அசையவில்லை என்பது அவனுக்குத் தெரியும். கீழே படம் தெரிகிறதா என்பதுதான் தெரியவில்லை. எட்டிப் பார்க்கலாம் என்றால் கையை எடுக்க வேண்டும்.

இடது பக்கம் பார்த்தான். அடுத்த மாடியில் யாருமில்லை. வலது பக்கம் பார்த்தான். கோழிக்கூண்டில் ஒரு கோழி இருந்தது. அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பாபு கழுத்தை மட்டும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினான்.

“பெரியப்பா,” என்றான், அடித்தொண்டையில். “தெரியுதா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

“தெரியுதுடா. நல்லாத் தெரியுது,” என்றார் சௌரிராஜன். “காத்துல ஒரே தூசி, நடுவுல கொஞ்சம் விட்டுப் போச்சு, அதான் படத்த நிறுத்தி வச்சேன். தாலி கட்டுற எடத்த மட்டும் இன்னொருக்காப் போட்டுக்கிறேன். நீ பிடிச்சுக்க.”

பாபு பிடித்துக்கொண்டான். கீழே தவில் மறுபடி கிளம்பியது. காற்று ஒரு இழுப்பு இழுத்தது. பிளக் துளி நழுவி, திரும்ப உட்கார்ந்தது.

“இப்ப?” என்றான் பாபு, இன்னும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.